துப்பிச் சுவைத்த போர்தோ

நீக்கிலாப்பிள்ளை கஸ்பர் (1934–1999). இளவாலையிற் பிறந்தவர். கொழும்பில் முப்பத்துமூன்று ஆண்டுகள் தேயிலை சுவைத்தார். ரொறன்ரோவில் இரண்டரை ஆண்டுகள் கோப்பை கழுவினார். அதன்பின் ஏழு ஆண்டுகள் வைன் சுவைத்தார். மூன்று வேலைகளையும் அவர் ஒரே மதிப்புடன் சொல்வார். இங்கும் அவை அந்த வரிசையிலேயே தரப்படுகின்றன.

தேயிலை சுவைப்பது வேறு, தேநீர் குடிப்பது வேறு. கொழும்பில் அவர் பணியாற்றிய நிறுவனத்தில் நீண்ட மேசையொன்றில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே நிறையுள்ள இலை, ஒரே அளவு கொதிநீர், ஆறு நிமிடம். சுவைஞர் ஒரு கரண்டி நீரைப் பெருஞ்சத்தத்துடன் உறிஞ்சி, நாக்கின் எல்லாப் பக்கங்களிலும் படவிட்டு, படிக்கத்தில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். ஒரு காலையில் இருநூறு கிண்ணங்கள். விழுங்குவார் எவருமிலர், விழுங்கினால் மதியத்துக்குள் வயிறு கெட்டுவிடும்.

1954இல் எழுதுவினைஞராகச் சேர்ந்து மறு ஆண்டே சுவைக்கும் மேசைக்கு மாறிய கஸ்பர், 1966 அளவில் கலவைப் பிரிவுக்குப் பொறுப்பானார். நுவரெலியா இலைக்கு மணம் உண்டு, திம்புளை இலைக்குத் திடம் உண்டு, தாழ்நாட்டு இலைக்கு நிறம் உண்டு. இவற்றை வேண்டிய அளவிற் சேர்த்து, இலண்டனில் ஒருவர் இன்று வாங்கும் பெட்டியும் பத்தாண்டுகள் கழித்து வாங்கும் பெட்டியும் ஒரே சுவையாயிருக்கச் செய்வதே அவர் தொழில். மலையில் மழை பெய்ததா, பொய்த்ததா என்பது குடிப்பவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கலந்தவர் தவறிவிட்டார் என்று பொருள்.

1961 செப்டெம்பர் 9ஆம் திகதி அவருக்கும் வேரோனிக்காவுக்கும் திருமணம் நடந்தது. வேரோனிக்கா அரசாங்க வைத்தியசாலையொன்றில் மருந்து கலந்து கொடுக்கும் பிரிவில் வேலை செய்தவர். அவருடைய தகப்பனார் சாராயத்தால் 1949இல் இறந்தவர். எனவே பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் அவர் நேரடியாகவே ஒரு வாக்குக் கேட்டார்: மதுவகை எதுவும் தொண்டைக்குக் கீழே இறங்கக் கூடாது. கஸ்பர் சம்மதித்தார். கொழும்பு அலுவலக விருந்துகளில் அவர் கையில் எப்போதும் இஞ்சிச் சோடாவே இருந்தது.

மகள் கிறிஸ்ரினா 1984இல் ரொறன்ரோவுக்கு வந்து, 1988இல் பெற்றோரையும் அழைத்துக்கொண்டாள். கஸ்பருக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது. நான்கு மாதங்கள் வீட்டுக்குள் இருந்து பனியைப் பார்த்தார். அதற்கு மேற் பார்க்க விரும்பாமல் வேலை தேடினார். 1989 மே மாதம், எக்லின்ரன் அவெனியூவிலிருந்த ஒரு பிரெஞ்சு உணவகத்திற் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அந்த உணவகத்தின் பெயருக்கு ‘இரு கரைகள்’ என்று பொருள். உரிமையாளர் எத்தியேன் லபோர்த், பிரான்சில் வைனுக்குப் பேர்போன போர்தோப் பிரதேசத்தின் லிபூர்ன் நகரத்தவர். சமையலறையிற் சமைத்தவர்கள், வெட்டியவர்கள், கழுவியவர்கள் அனைவரும் தமிழ் பேசுபவர்கள். மரக்கறி வெட்டுபவர் மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த முஸ்லிம், பாயிஸ். கஸ்பரிலும் பதினைந்து வயது இளையவர், அவருக்கு மிக நெருங்கியவர்.

கழுவ வரும் வைன் கோப்பைகளைக் கஸ்பர் முதலில் மணந்து பார்ப்பார். முப்பத்துமூன்று ஆண்டுப் பழக்கம். மூக்கருகில் வரும் பாத்திரத்தை மணக்காமல் விட அவரால் முடியாது.

“என்ன அண்ணை, கோப்பையைக் கழுவச் சொன்னால் கொஞ்சிக்கொண்டு நிக்கிறியள்?” என்று பாயிஸ் கேட்பார்.

“தம்பி, நேற்று வந்ததுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஒருக்கா மணந்து பாருமன்.”

“மரக்கறி வெட்டுற வேலையெண்டுதான் சேர்ந்தனான். இந்தக் கோப்பையளுக்குப் பக்கத்திலை நிக்கலாமோ எண்டு யோசிச்சு முடிக்கவே எனக்கு ஆறு மாசம் சென்றது. மணக்கலாமோ எண்டு இனி ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?”

1991 ஒக்ரோபரில் ஒரு மாலை, ஒரே மேசையிலிருந்து நான்கு கோப்பைகள் ஏறக்குறைய நிறைந்தபடியே திரும்பி வந்தன. கஸ்பர் மணந்தார். மழையில் நனைந்த காட்போட் பெட்டியின் மணம். போத்தலின் தக்கை பழுதானால் அந்த மணம் வைனில் ஏறும் என்பதை அவர் எங்கும் படித்ததில்லை; ஈரப் பெட்டியில் வந்த தேயிலையை இவ்வாறுதான் திருப்பி அனுப்புவார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு போய், பழைய கல்லூரி ஆங்கிலத்தில் எத்தியேனிடம் சொன்னார். எத்தியேன் மணந்தார், முகம் சுளித்தார், அந்த மேசைக்கு வேறு போத்தல் போயிற்று. மறுநாள் மாலை உணவகம் திறக்குமுன் அவர் கஸ்பரை அழைத்து, இரண்டு கோப்பைகளில் வைன் ஊற்றி வைத்து, எப்படியென்று கேட்டார்.

கஸ்பர் தம் வாக்கைப் பற்றிச் சொல்லி, வாயில் வைக்க மறுத்தார். ஆனால் கோப்பைகளை வெள்ளைத் தட்டின் மீது சரித்து நிறம் பார்த்தார், மணந்தார், பின் பாயிஸிடம் ஒரு பச்சைக் கறிமிளகாயை இரண்டாக வெட்டித் தரும்படி கேட்டு வாங்கி, இரண்டாவது கோப்பைக்கு அருகே வைத்தார். அந்தக் கோப்பையில் இருந்தது அதே மணம். முதலாவதில் அது இல்லை. புதிதாகச் சீவிய பென்சிலின் மணமும் கறுத்த பழத்தின் மணமும் கனமாக இருந்தன.

இரண்டு போத்தல்களையும் எத்தியேன் எடுத்துக் காட்டினார். மெடோக் பகுதியிலுள்ள ஒரே தோட்டத்து வைன். ஒன்று 1986ஆம் ஆண்டினது, மற்றது 1987ஆம் ஆண்டினது.

இங்கேதான் கஸ்பர், தேயிலைக் கலவையாளர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தார். போத்தல்களை அருகருகே வைத்து, மிகுந்த அனுதாபத்துடன் சொன்னார்: “ஒரே பெயரில் இரண்டு சுவையை விற்றிருக்கிறார்கள். இதைக் கலந்தவர் கவனமில்லாதவர். எங்கள் நிறுவனமாயிருந்தால் திங்கட்கிழமையே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். நீங்கள் தோட்டத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதுங்கள்.”

எத்தியேன் உருளைக்கிழங்குச் சாக்கின் மேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். பின்னர் கஸ்பரை நிலவறைக்கு அழைத்துச் சென்று, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார். கரோன், தோர்தோஞ் என இரண்டு ஆறுகள். இரண்டும் கூடி ஜிரோந்து என்ற அகன்ற கழிமுகமாகி அத்திலாந்திக் கடலில் விழுகின்றன. மெடோக் இருக்கும் இடது கரையிற் சரளைக்கல் நிலம். அங்கே கபெர்னே சோவிஞோன் என்ற திராட்சை முதன்மையானது. தோல் தடித்தது, பிந்திப் பழுப்பது, வைனுக்கு எலும்பைக் கொடுப்பது. வலது கரையிற் களிமண். அங்கே மெர்லோ முதன்மையானது; முந்திப் பழுப்பது, சதையைக் கொடுப்பது. கபெர்னே ப்ரான் மணத்துக்காகச் சேர்வது. இவற்றோடு சிறு அளவிற் சேரும் இனங்களும் உண்டு. செப்டெம்பர் கடைசியில் கடலிலிருந்து மழை வந்தால் பிந்திப் பழுப்பது கெடும். பூக்கும் காலத்தில் குளிர்ந்தால் முந்திப் பழுப்பது குறையும். எது நன்றாக வாய்த்ததோ அதன் பங்கை அந்த ஆண்டு கூட்டுவார்கள். 1987இல் அறுவடை நேரத்தில் மழை. சரியாகப் பழுக்காத கபெர்னேயில்தான் கறிமிளகாய் மணக்கும்.

கஸ்பர் இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தில் விரலை வைத்தார்.

“அப்படியானால் வானிலை போத்தலுக்குள் இருக்க வேண்டும்,” என்றார்.

“இருக்கவே வேண்டும்.”

“முப்பத்துமூன்று வருடமாக நான் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன்.”

எத்தியேன் அந்த இடத்திலேயே அவருக்கு நிலவறைப் பொறுப்பைக் கொடுக்க முன்வந்தார். வரும் போத்தல்களைச் சோதிப்பது, எதை எப்போது திறப்பது என்று தீர்மானிப்பது, எந்தக் கறிக்கு எது என்று எழுதிவைப்பது. ஆனால் இந்த வேலைக்கு மூக்கு மட்டும் போதாது, நாக்கும் வேண்டும். வாயில் எடுத்துத் துப்பலாம், விழுங்கத் தேவையில்லை. கஸ்பருக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அன்று அவர் முகத்தைப் பார்த்தவர் எவரும் சொல்வர். எனினும் அவர் கூறிய விடை, “வீட்டிற் கேட்க வேண்டும்” என்பதே.

வேரோனிக்கா முழுவதையும் கேட்டார்.

“துப்புறதெண்டு சொல்லுறியள். முழுக்கத் துப்புப்படுமோ?”

“தேத்தண்ணியை முப்பத்துமூண்டு வருஷம் துப்பினனான், வேரோனிக்கா.”

“தேத்தண்ணியிலை கொஞ்சம் உள்ளுக்குப் போனால் ஆர் கேட்டது? இதை அளந்துதான் பாக்கவேணும்.”

1991 நவம்பர் 4, திங்கட்கிழமை. திங்களன்று உணவகத்துக்கு விடுமுறை. வேரோனிக்கா தம் கைப்பையுடன் வந்து சேர்ந்தார். பைக்குள் மில்லிலீற்றர்க் கோடுகள் போட்ட குழந்தைப் பாற்போத்தல்கள் இரண்டு, புதியவை, முதல்நாள் ஸ்காபரோவில் வாங்கியவை. எத்தியேன் அவற்றைக் கண்டு ஏதோ கேட்க வாயெடுத்து, வேரோனிக்காவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பாயிஸ் விடுமுறை நாளிலும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

மருந்துப் பிரிவிற் பழகியவர் ஆகையால், வேரோனிக்கா முதலில் தண்ணீரில் தொடங்கினார். அறுபது மில்லிலீற்றர் அளந்து கொடுத்தார். கஸ்பர் நான்கு முறை வாயில் எடுத்து, சத்தத்துடன் உறிஞ்சி, மற்றைய போத்தலுக்குள் துப்பினார். வேரோனிக்கா அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அறுபத்துநான்கு.

“அல்லா! அண்ணையின்ரை வாயுக்குள்ளை ஊத்து இருக்கு,” என்றார் பாயிஸ்.

“எச்சில்,” என்றார் வேரோனிக்கா. “இனி மற்றதைக் குடுங்கோ.”

வைனும் அறுபது மில்லிலீற்றர், நான்கு முறை. துப்பியது அறுபத்துமூன்று.

வேரோனிக்கா மீண்டும் அளந்தார். அறுபத்துமூன்றேதான். தண்ணீரோடு ஒப்பிட்டால் ஒரு மில்லிலீற்றர் குறைகிறது. அந்த ஒரு மில்லிலீற்றர் எங்கே?

“பல்லிடுக்கிலை இருக்கும்,” என்றார் பாயிஸ், உதவும் நோக்கத்துடன்.

“நீர் சும்மா இரும், தம்பி,” என்றார் வேரோனிக்கா.

வாக்குக் கொடுத்தவர் தாம் என்பதால் தமக்குச் சார்பாகத் தாமே வாதிடக் கூடாது என்பது கஸ்பரின் எண்ணம். இரண்டு கைகளையும் மேசையில் வைத்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல நின்றார். எத்தியேனுக்கு மொழி விளங்கவில்லை. ஆனால் ஒரு மில்லிலீற்றர் விளங்கியது. பாற்போத்தலை அவரும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

வேரோனிக்கா கதிரையில் இருந்து கணக்குப் போட்டார்.

“ஒரு மில்லி எண்டால் இருபது துளி. அதிலை எட்டிலை ஒரு பங்கு மட்டில்தான் சரக்கு. ரெண்டரைத் துளி.” போத்தலை மேசையில் வைத்தார். “கொழும்பிலை இருமல் வரேக்கை நான் குடுத்த மருந்திலை இதைவிடக் கூட இருந்தது. ரெண்டு கரண்டி, மூண்டு நேரம்.”

“அப்ப அக்கா, வாக்கை முதல் முறிச்சது நீங்கள்தான்,” என்றார் பாயிஸ்.

வேரோனிக்கா அவரை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“துப்புங்கோ,” என்று கணவரிடம் சொன்னார். “ஆனால் ஒழுங்காத் துப்புங்கோ.”

அடுத்த நாள் முதல் கஸ்பர் நிலவறைக்குப் பொறுப்பானார். முதல் வாரத்தில் ஒரு சிறு சிக்கல். விருந்தினர் கூடத்திலேயே ஒரு போத்தலைத் திறந்து, தேயிலை மேசையில் உறிஞ்சுவது போல உறிஞ்சினார். பதினொரு மேசைகளும் திரும்பிப் பார்த்தன. ஒரு பெண்மணி கரண்டியைக் கீழே போட்டார். எத்தியேன் கஸ்பரைத் தோளில் தொட்டு, இனிமேல் இதை நிலவறையில் வைத்துக்கொள்ளுமாறு பணிவாகக் கேட்டார். ஆனால் அந்தச் சத்தம் கீழேயிருந்தும் கேட்டது. பழகிய விருந்தினர்கள் அதைக் கேட்ட பின்பே தங்கள் போத்தலை நம்பினர்.

அவருடைய குறிப்புப் புத்தகங்கள் பதினான்கு. எல்லாவற்றிலும் தேயிலைச் சொற்களே. இளமையான மெடோக் வைனுக்கு ‘இன்னும் முரடு, ஐந்து வருடம் தூங்கட்டும்’ என்றும், வலது கரையின் பொமெரோல் வைன் ஒன்றுக்கு ‘வட்டமானது, மூலையில்லை’ என்றும் எழுதியிருக்கிறார். இடது கரையையும் வலது கரையையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஒரு கலவையில் மெர்லோ எத்தனை பங்கு என்று அவர் சொல்லும் கணக்கு பெரும்பாலும் ஐந்து வீதத்துக்கு மேற் பிழைப்பதில்லை. எப்போதும் சரியாகச் சொன்னார் என்று சிலர் கூறுவர், அது உண்மையன்று. 1992ஆம் ஆண்டு வைன்களில் அவர் அடிக்கடி தவறினார். அவ்வாண்டு போர்தோவிலேயே எல்லாம் மழையாய்ப் போனது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

1994இல் கிறிஸ்ரினா, ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள அஜக்ஸில் வீடு வாங்கினாள். பெற்றோரும் அவளோடு சென்றனர். கஸ்பர் ‘கோ’ என்னும் புறநகர் ரெயினில் வந்து போனார்.

1996 ஓகஸ்ட் மாதம், எத்தியேன் லிபூர்னுக்குப் போய் வந்தபோது, தம் தகப்பனாரின் வீட்டிலிருந்து ஒரே ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். வலது கரை வைன், மெர்லோ பெரும்பங்கு, மீதி கபெர்னே ப்ரான், ஆண்டு 1961. போர்தோவில் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த ஆண்டுகளில் அது ஒன்று. கஸ்பரின் திருமணத்தின் முப்பத்தைந்தாம் நிறைவு செப்டெம்பர் 9ஆம் திகதி, அதுவும் திங்கட்கிழமை. அன்று அவர்களுக்காகச் சமைத்து, அந்தப் போத்தலைத் திறக்கப் போவதாக எத்தியேன் அறிவித்தார். ஒரு நிபந்தனை மட்டும்: இந்த வைனை எவரும் துப்பக்கூடாது.

கஸ்பர் உடனே மறுத்தார். அப்படியானால் போத்தலைத் திறக்க வேண்டாம் என்றார். ஆனால் அந்த வாரம் முழுவதும் அவர் நிலவறையில் வழக்கத்திலும் அதிக நேரம் இருந்ததையும், அந்தப் போத்தலைத் தூசி துடைத்த பின் மீண்டும் துடைத்ததையும் பாயிஸ் கண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பாயிஸ் எத்தியேனைக் காரில் ஏற்றிக்கொண்டு, 401 நெடுஞ்சாலையால் அஜக்ஸுக்கு வந்து சேர்ந்தார். கஸ்பர் அப்போது பூசைக்குப் போயிருந்தார். காலில் வீக்கமிருந்ததால் வேரோனிக்கா அன்று வீட்டிலிருந்தார்.

எத்தியேன் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். பாயிஸ் அதைச் சுருக்கிச் சொன்னார்.

“அக்கா, அண்ணையை நாளைக்கு ஒரு வாய் விழுங்க விடட்டாம்.”

“நீர் குடிக்கிறதில்லை. அவர் குடிக்கிறதில்லை. பிறகு நீர் ஏன் தம்பி இதுக்கு இவ்வளவு தூரம் வந்தனீர்?”

“அதுதானக்கா எனக்கும் விளங்கேல்லை. எங்கடை ஆக்கள் கேள்விப்பட்டால் என்ரை கதி அதோகதி. ஆனால் அந்தப் போத்தலை அண்ணை துடைக்கிறதைப் பாத்தால், நீங்களும் வந்திருப்பியள்.”

வேரோனிக்கா இருவருக்கும் தேநீர் கொடுத்தார். விடை கொடுக்கவில்லை. நாளைக்கு மேசையிற் சொல்வதாகச் சொன்னார்.

மறுநாள் மதியம் உணவகத்தின் நடுமேசையில் ஐவர் அமர்ந்தனர்: கஸ்பர், வேரோனிக்கா, கிறிஸ்ரினா, எத்தியேன், இஞ்சிச் சோடாவுடன் பாயிஸ். எத்தியேன் வாத்து இறைச்சி சமைத்திருந்தார்; பாயிஸுக்கு மீன். போத்தல் திறக்கப்பட்டது. நிறம் செங்கல்லுக்குத் திரும்பியிருந்தது. கஸ்பர் தம் கோப்பையைத் தொடாமல் மனைவியைப் பார்த்தார்.

வேரோனிக்கா தமக்கு ஊற்றியதைத் தூக்கி, கணவர் செய்வது போலவே மணந்தார். கண்ணை மூடி இன்னொருமுறை மணந்தார். 

“அப்புவின்ரை சாராய மணம் எனக்கு நாற்பத்தேழு வருஷமா மறக்கேல்லை,” என்றார். “இதிலை அது இல்லை.” கோப்பையைக் கீழே வைத்தார். “விழுங்குங்கோ. நான் சொல்லுறன்.”

கஸ்பர் கோப்பையை எடுத்தார். ஒரு வாய் உறிஞ்சினார். அந்தச் சத்தம் வெற்றுக் கூடம் முழுவதும் கேட்டது. கண்கள் மூடியிருந்தன. நாக்கின் இப்பக்கமும் அப்பக்கமும் வைன் சென்றது. பின் மெல்லத் திரும்பி, பக்கத்திலிருந்த சூப்புத் தட்டில் துப்பினார்.

எத்தியேன் தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு தம் தாய்மொழியில் ஏதோ கத்தினார். பாயிஸ் மேசையில் அறைந்து சிரித்தார். கஸ்பர் கண் திறந்து, தட்டைப் பார்த்து, திகைத்துப்போனார். தாம் செய்ததை அவர் அறியவே இல்லை. வேரோனிக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

“பாத்தியே பிள்ளை!” என்று மகளிடம் சொன்னார். “நான் சொன்னதிலை கொப்பர் ஒண்டை எண்டாலும் முழுசாக் கேட்டிருக்கிறார்!”

இரண்டாம் முறை வேரோனிக்கா சூப்புத் தட்டைத் தம் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். எத்தியேன் மற்றத் தட்டுகளையெல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கஸ்பர் உறிஞ்சினார். நீண்ட நேரம் வாயில் வைத்திருந்தார். பிறகு அவர் குரல்வளை ஏறி இறங்கியது. ஐம்பத்தேழு வயது மனிதர் ஒருவரின் எந்தப் பழக்கமும் அவ்வளவு கடினமாக மீறப்பட்டிராது என்று பாயிஸ் பின்னர் சொல்வதுண்டு. கஸ்பருக்கு அப்போது வயது அறுபத்திரண்டு என்பதையும் இங்கே திருத்திச் சொல்ல வேண்டும்.

“எப்பிடியப்பா?” என்று கிறிஸ்ரினா கேட்டாள்.

கஸ்பர் யோசித்துப் பதில் சொன்னார்.

“நல்ல சாமான். இவ்வளவு நல்ல சாமான் என்ரை வாயுக்கு வந்ததில்லை. ஆனா துப்பினது திறம். துப்பினால் நாக்கிலை நிண்டு கதைக்குது. விழுங்கினால் வயித்துக்குப் போயிடுது. வயித்துக்கு என்ன தெரியும்?”

பாயிஸ் இதை ஆங்கிலத்தில் சொன்னபோது எத்தியேன் எழுந்து வந்து கஸ்பரின் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டார். கஸ்பரின் கோப்பையில் மீந்ததை வேரோனிக்கா தம் பக்கம் நகர்த்தி, ஆறுதலாக, கடைசித் துளி வரை குடித்தார். அளக்கவில்லை.

வாக்கு அன்றோடு நீங்கியது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை கஸ்பர் வழக்கம் போலவே துப்பினார்; அதற்குப் பிறகும் எதையும் விழுங்கவில்லை. வேரோனிக்காவோ ஒவ்வோராண்டும் செப்டெம்பர் 9ஆம் திகதி வலது கரை வைன் அரைக் கோப்பை குடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அதைத் தெரிவு செய்து கொடுப்பது கஸ்பரின் வேலை.

1998 இலையுதிர்காலத்தில் இருதயம் பலவீனமானதால் வைத்தியர் ரெயிற் பயணத்தை நிறுத்தினார். அதன்பின் பாயிஸ் சனிக்கிழமைகளில் மாதிரிப் போத்தல்களை அஜக்ஸுக்குக் கொண்டுவந்தார். கஸ்பர் 1999 பெப்ரவரி 11ஆம் திகதி, வேரோனிக்காவும் கிறிஸ்ரினாவும் அருகிருக்க, வீட்டிலேயே காலமானார். அவர் கடைசியாகச் சுவைத்தது 1995ஆம் ஆண்டின் மெடோக் வைன் ஒன்று. கபெர்னே அறுபது பங்கு, மெர்லோ முப்பத்தைந்து, மீதி ப்ரான் என்று எழுதி, இன்னும் பத்து வருடம் வைக்கலாம் என்று கீழே கோடிட்டு, சமையலறைத் தொட்டியிற் சுத்தமாகத் துப்பினார். அது 1998 நவம்பர் 28, சனிக்கிழமை.